வெள்ளத்தில் ஒதுங்க வழி உண்டா?

அஸ்ஸாம் மாநிலத்தில் பிரம்மபுத்திரா ஆற்றின் தென்கரையில் பரந்து கிடக்கிறது காசிரங்கா புல்வெளி. 1974ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும், 1985ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடமாகவும் அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு 2,613 ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் வாழ்ந்தன. காட்டெருமைகள், சதுப்பு மான்கள், புலிகள், யானைகள் என இன்னும் பல உயிர்களுக்கும் இதுவே வீடு.

மழைக்காலம்தோறும், 'வெள்ளத்தில் விலங்குகள் பலி' என்ற செய்தியைக் கேட்கிறோம், வெள்ளத்தைப் பழிக்கிறோம். ஆனால் வெள்ளம் இல்லையேல் இந்தப் புல்வெளியே இல்லை. அதுதான் வண்டல் மண்ணைக் கொண்டுவருகிறது, ஏரிகளை நிரப்புகிறது, ஆகாயத்தாமரையை அடித்துச் செல்கிறது, புல்வெளி மரக்காடாக மாறிவிடாமல் காக்கிறது. தண்ணீர் உயரும்போது விலங்குகள் தெற்கிலுள்ள கர்பி ஆங்லாங் மலைகளுக்கு ஒதுங்குவது வழக்கம். இடையிலே தேசிய நெடுஞ்சாலை. அதைக் கடக்கையில் வாகனங்களில் அடிபட்டு அவை இறக்கின்றன. விலங்குகள் செல்லும் வழித்தடங்களில் கட்டடங்களும் எழுந்துவிட்டன.

எனவேதான் 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஒன்பது வழித்தடங்களில் புதிய கட்டுமானங்களுக்குத் தடை விதித்தது. 2025ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை, ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தூரத்திற்கு உயர்மட்டச் சாலை அமைக்க ஒப்புதல் அளித்தது. இது வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் மேலே பாலம் கட்டிவிட்டு, அதன் கீழும் அப்பாலும் விடுதிகள் எழ அனுமதித்தால் பயன் என்ன?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், நெடுஞ்சாலைகளும் வேலிகளும் உயிரினங்களின் நடமாட்டத்தைத் தடுப்பதைச் சுட்டிக்காட்டுகிறது. பூமியின் குரலோடு ஏழைகளின் குரலையும் கேட்கச் சொல்கிறது. காசிரங்காவிலும் அந்த இரண்டாவது குரல் உண்டு. 2016 செப்டம்பரில், உயர் நீதிமன்ற ஆணைப்படி பூங்காவை ஒட்டிய குடியிருப்புகள் அகற்றப்பட்டபோது, காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர்.

வழித்தடம் காக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி. விடுதிக்கு விலக்கு, குடிசைக்கு மட்டும் சட்டம் என்றால் அது நீதியாகாது. நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஏழைக்கு உரிய இழப்பீடும் மாற்றிடமும் முதலில் கிடைக்கட்டும். வெள்ளத்தில் காண்டாமிருகத்திற்கு ஒரு மேடு தேவைப்படுவதுபோல, அந்தக் குடும்பத்திற்கும் ஒரு மேடு தேவை.