கார் நிக்கோபார்த் தென்னையும் கார்பன் சந்தையும்

விவசாயி தன் நிலத்தில் விளைவித்த தானியத்தையும் காயையும் விற்பது உலக வழக்கம். அவன் காற்றில் கலக்கவிடாமல் தடுத்த வாயுவையும் விற்கலாம் என்ற செய்தி இப்போது கிராமங்களை எட்டியிருக்கிறது. 2024 ஜனவரியில் மத்திய விவசாய அமைச்சகம், விவசாயத் துறையில் தன்விருப்பக் கார்பன் சந்தைக்கான ஒரு வழிகாட்டுத் திட்டத்தை வெளியிட்டது. அதன்பின் விஸ்தரிப்பு ஊழியர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் இதுபற்றிக் கேள்விகள் எழுவது இயல்பே. தென்னையே செல்வமாகிய கார் நிக்கோபாரில் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழும்: "இத்தனை மரங்களை வைத்திருக்கிறோமே, எங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

இதற்கு நேர்மையான விடை, "இன்றுள்ள விதிகளின்படி ஏறத்தாழ ஒன்றும் கிடைக்காது" என்பதே என்பது எமது அபிப்பிராயம். இவ்விடை கேட்போருக்கு ஏமாற்றம் தரலாம். ஆயினும், காரணத்தை விளக்கிச் சொல்லாமல் நம்பிக்கையை வளர்த்துவிட்டுப் பின்னர் கைவிரிப்பது அதனினும் கொடியது. ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

விவசாயத்திலிருந்து வெளியேறி வளிமண்டலத்தை வெப்பமாக்கும் வாயுக்களுள் முதன்மையானவை மெத்தேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் ஆகும். நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றிலும், அசைபோடும் கால்நடைகளின் இரைப்பையிலும் மெத்தேன் பிறக்கிறது. மண்ணில் இட்ட தழைச்சத்து உரத்தின் ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடாக மாறுகிறது. 100 ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மெத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்கும், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு 265 கிலோ கரியமில வாயுவுக்கும் சமமான வெப்பத்தை விளைவிக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கின்றனர். எல்லா வாயுக்களையும் இவ்வாறு கரியமில வாயுவின் எடையாக மாற்றி எழுதினால் ஒரே பேரேட்டில் பதியலாம். 2020-ஆம் ஆண்டுக்கு இந்தியா ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த கணக்கின்படி, நாட்டின் மொத்த வெளியீட்டில் விவசாயத்தின் பங்கு ஏறத்தாழ 14 சதவீதம்.

இப்பேரேட்டை விரித்துக் கார் நிக்கோபாரின் பக்கத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கக் காண்கிறோம். நெல் இத்தீவின் பயிர் அன்று; அரிசி கப்பலில் வருகிறது. (நெல்வயலின் மெத்தேனைப் படம் போட்டு விளக்கும் பாடநூலை, நெல்வயலையே காணாத மாணவர் முன் விரித்து வைக்கும் ஆசிரியரின் சங்கடத்தை நாம் உணர்கிறோம்.) நிக்கோபாரியரின் மரபான தென்னந்தோப்புகள் ரசாயன உரமின்றியே வளர்ந்தவை. வீட்டுக்கு வீடு வளரும் பன்றியோ அசைபோடும் பிராணி அன்று. எருமை ஒன்றின் இரைப்பையிலிருந்து ஆண்டுக்கு 55 கிலோ மெத்தேன் வெளியாகும் என்று சர்வதேசக் கணக்கு கொள்ளுமாயின், பன்றிக்கு அது கொள்வது ஒரு கிலோ மட்டுமே. தீவின் பெரிய செலவுப் பத்தி தோட்டத்தில் இல்லை. கப்பலிலும், வாகனத்திலும், மின்சார உற்பத்தியிலும் எரியும் டீசலில் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு பிறக்கும்.

இவ்வளவு தூய்மையான பக்கத்தை உடையவனுக்கே சந்தையில் முதல் மரியாதை கிடைக்க வேண்டும் என்று நாம் எண்ணுவோம். சந்தையின் இலக்கணம் வேறு. அங்கே விற்கப்படும் பண்டம் 'கார்பன் கிரெடிட்' எனப்படும் வரவுச் சீட்டு. ஒரு சீட்டு ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு தொழிற்சாலை தான் வெளியிட்ட ஒரு டன்னுக்கு ஈடாக, வேறோர் இடத்தில் குறைக்கப்பட்ட ஒரு டன்னை விலைக்கு வாங்கிக்கொள்கிறது. எனவே அந்தக் குறைப்பு உண்மையிலேயே புதிதாக நிகழ்ந்ததாக இருத்தல் வேண்டும். பணம் வராவிடினும் நடந்திருக்கக்கூடியதற்குச் சீட்டு வழங்கினால், வாங்கியவன் வெளியிட்ட டன்னுக்கு ஈடே இல்லாமற் போய்விடும். இவ்விதியைக் கூடுதல் நன்மை விதி என்று சொல்லலாம். விதியில் தவறில்லை. அது மாறியவனுக்குப் பரிசளிக்கிறது. முன்பே நல்வழியில் நின்றவனுக்குப் பரிசளிப்பதில்லை. அவ்வளவே.

ஓர் எளிய கணக்கால் இதை வகுப்பறையிலேயே விளக்கலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. அதில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடாக வெளியேறும் எனக் கொண்டால், அந்த வாயுவின் எடை ஏறத்தாழ 0.325 கிலோ, கரியமில வாயுக் கணக்கில் 86 கிலோ. தஞ்சையிலோ கோதாவரிக் கரையிலோ ஒரு விவசாயி ஹெக்டேருக்கு ஐந்து மூட்டை இட்டு வந்ததை மூன்றாகக் குறைத்தால் 172 கிலோ மிச்சம். ஒரு சீட்டுப் பெற அவன் ஆறு ஹெக்டேரில் இதைச் செய்தாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரு பிடி யூரியாவும் இடாத நிக்கோபாரியனுக்கோ குறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே விற்பதற்கும் ஒன்றுமில்லை!

"மரங்கள் கரியமில வாயுவை உட்கொள்கின்றனவே, அவற்றிற்கு விலை இல்லையா?" என்று கேட்கலாம். தக்க கேள்வியே. முதிர்ந்த தென்னை ஒன்றின் உலர்ந்த எடை 300 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மரத்தின் உலர்ந்த எடையில் கார்பன் 47 சதவீதம் என்பது வழக்கம். அது 141 கிலோ. இதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 517 கிலோ கரியமில வாயு கிடைக்கும். நிக்கோபார்த் தோப்புகள் கயிறு பிடித்து நட்டவை அல்ல. ஆயினும் கணக்கின் வசதிக்காக ஏழரை மீட்டர் இடைவெளி எனக் கொண்டால், ஹெக்டேருக்கு 177 மரங்கள், சுமார் 91 டன். இது மரத்தின் ஆயுள் முழுவதும் சேர்ந்த சேமிப்பு. 60 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ஒன்றரை டன். டன்னுக்கு 500 ரூபாய் விலை என்றாலும் 750 ரூபாய்தான் வரும். அதிலும் அளவிடுவோர், சரிபார்ப்போர், பதிவு செய்வோர் கூலி போக மீதியே தோட்டக்காரனுக்கு. அதே ஹெக்டேரில் மரத்துக்கு 40 காய் காய்த்துக் காய் 10 ரூபாய்க்குப் போயினும் 70,000 ரூபாய்க்கு மேல் ஆகும். நூறில் ஒரு பங்கு வருமானத்துக்காக நூறு பங்கையும் நாற்பது ஆண்டு ஒப்பந்தத்தில் பிணைப்பது விவேகமா என்பதை ஊழியர்கள் சிந்திக்க வேண்டும். மேலும், ஏற்கெனவே நிற்கும் தோப்புக்கு இந்த 750 ரூபாயும் கிடையாது; கூடுதல் நன்மை விதி இங்கும் குறுக்கே நிற்கிறது.

அடுத்தது நிலைப்பைப் பற்றியது. மரத்தில் சேர்ந்த கார்பன் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கும் என்ற உறுதியின்மீதுதான் சீட்டு விற்கப்படுகிறது. இவ்வுறுதியை இத்தீவில் யார் தர இயலும்? 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை நிலநடுக்கத்தால் கார் நிக்கோபார் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. பின்வந்த கடலலை கரையோரக் கிராமங்களையும் தோப்புகளையும் வாரிச் சென்றது. அலையில் சாயாத மரங்களும் உப்பு நீர் தேங்கிய நிலத்தில் பட்டுப்போயின. கிராமங்கள் உள்நிலத்துக்குப் பெயர்ந்தன. முன்னர் தோட்டமாக இருந்த இடங்களில் வீடுகள் எழுந்தன. எதிர்பாரா அழிவுக்காகச் சீட்டுகளில் ஒரு பகுதியைக் காப்பு நிதிபோல் ஒதுக்கி வைக்கும் வழக்கம் சந்தையில் உண்டு. ஆனால் அந்த ஒதுக்கீட்டின் அளவு ஆபத்தின் அளவைப் பொறுத்தது. ஆபத்து மிகுந்த தீவுக்கு ஒதுக்கீடு மிகும், கைக்கு வருவது குறையும்.

இனி, ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவர் யார்? நாட்டின் பிற பகுதிகளில் பட்டாதாரர் ஒருவர் இருப்பார். கார் நிக்கோபாரில் நிலம் துஹெத் என்னும் பெருங்குடும்பத்துக்கு உரியது. பல குடும்பங்கள் அதனுள் அடங்கும். தோப்பில் உழைப்போருக்குப் பயன் உரிமை உண்டு. ஒரு வீட்டுத் தலைவர் இட்ட கையொப்பம் துஹெத் முழுவதையும் கட்டுப்படுத்தாது; கட்டுப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு எவரேனும் வந்தால், பங்காளிகளுக்கிடையே பிணக்கு மூளும். அன்றியும், 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம், பழங்குடியினர் அல்லாதார் இங்கு நிலத்தில் உரிமை பெறுவதைத் தடுக்கிறது. மரத்தை வெட்டலாகாது, நிலத்தை வேறு பயனுக்கு மாற்றலாகாது என்று நாற்பது ஆண்டுகள் பிணைக்கும் ஒப்பந்தம், பெயரளவில் குத்தகை அன்றாயினும், நிலத்தின்மீது ஒருவகை உரிமை ஆகாதா? இதை நிர்வாகமும் பழங்குடி மன்றமும் முதலில் தெளிவாக்க வேண்டும். அதுவரை எவ்வித விண்ணப்பப் படிவத்தையும் ஊழியர்கள் கிராமத்துக்குள் கொண்டு செல்லாதிருத்தல் நலம்.

பிற நாட்டு அனுபவத்தையும் மறக்கலாகாது. 2003-இல் தொடங்கிய சிகாகோ காலநிலைச் சந்தை, உழாமல் பயிரிட்ட அமெரிக்க விவசாயிகளின் மண் கார்பனுக்குச் சீட்டு வழங்கியது. 2008-இல் டன் ஒன்று ஏழு டாலருக்கு மேல் விற்றது. 2010-இல் சில சென்ட்டுகளுக்கு வீழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியோடு வாணிபம் முடிந்தது. 2024-இல் சீனாவின் 37 நெல்வயல் திட்டங்களை, விதிகளின்படி அமையவில்லை என்று பதிவு நிறுவனமே தள்ளிவிட்டது. விலை வீழ்ச்சியைத் தாங்கப் பெரும்பண்ணையாளருக்கு வேறு வழிகள் உண்டு. தேங்காயும் பன்றியுமே வாழ்வாகிய குடும்பத்துக்கு அவ்வளவு வழிகள் இல்லை.

அப்படியாயின் கதவை முற்றிலும் சாத்திவிடுவதா? அதுவும் சரியன்று. அழிந்த இடத்தில் புதிதாக நடுவது உண்மையான மாற்றம். நிக்கோபார்த் தீவுகளின் அலையாத்திக் காடுகளில் பெரும்பகுதி 2004-இல் நிலம் தாழ்ந்ததால் மடிந்தது. கடல்நீர் புதிதாக ஏறி இறங்கும் சேற்று நிலங்களில் அவற்றை வளர்க்க இடம் உண்டு. 2023-இல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கார்பன் கிரெடிட் வாணிபத் திட்டத்தின்கீழ் 2025-இல் ஒப்புதல் பெற்ற கணக்கீட்டு முறைகளுள் அலையாத்திக் காடு வளர்ப்பும் ஒன்று. பவளப் பாறை சூழ்ந்த தட்டைத் தீவாகிய கார் நிக்கோபாரில் இதற்கு இடம் சிறிது. நான்கவுரி முதலிய தெற்குத் தீவுகளின் ஓடைகளே இதற்கு ஏற்றவை. அங்கும் கரை காப்பதற்காகவே அலையாத்தி நடப்பட வேண்டும். சீட்டு வந்தால் வரட்டும்.

கார் நிக்கோபாருக்குச் சந்தை வேண்டுமெனில் அது வேறொரு கடையில் ஏற்கெனவே திறந்திருக்கிறது. கார் நிக்கோபார், நான்கவுரி தீவுகளைச் சேர்ந்த 14,491 ஹெக்டேர் பரப்பு, பெரும்பரப்புச் சான்று முறையின்கீழ் இயற்கை விவசாய நிலமென 2021-இல் சான்று பெற்றது. இந்தியாவில் இம்முறையில் சான்று பெற்ற முதல் பெரும்பரப்பு இதுவே. கார்பன் சந்தை எதற்கு விலை தர மறுக்கிறதோ, அந்தப் பழைய நல்லொழுக்கத்துக்கே இச்சான்று விலை தருகிறது. இங்கே நேற்றுவரை தவறு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் சான்று தாளில் இருந்து பயனில்லை. புகை படிந்த கொப்பரை மட்டரகமாகவே விலைபோகும். மட்டை எரித்து உலர்த்தும் பரணுக்குப் பதிலாகச் சூரிய வெப்ப உலர்த்திகளும், தூய எண்ணெய் ஆட்டும் வசதியும், கப்பலில் தவறாத இடமும் கிடைத்தால்தான் சான்றின் மதிப்பு தோட்டக்காரனின் கைக்கு வரும். கார்பன் பற்றிய பயிற்சி முகாமுக்கு ஒதுக்கும் நாட்களில் பாதியையேனும் கொப்பரைத் தரத்துக்கு ஒதுக்கலாம் என்பது எமது துணிவு.

காத்துவந்ததற்கும் ஈடு தரப்பட வேண்டும் என்போர் உளர். நாமும் அவ்வாறே கருதுகிறோம். அந்த ஈட்டைச் சர்க்கார் நேரடி உதவியாக அளிப்பதே முறை. இல்லாத குறைப்பைக் காட்டிச் சீட்டாக்கினால், எங்கோ ஒரு புகைபோக்கி அதன் பெயரால் தொடர்ந்து புகையும்.

எனினும் ஒரு பணியை இப்போதே தொடங்கிவிடுதல் வேண்டும். 2004-க்குப் பின் நட்ட தென்னைகளின் கணக்கு துஹெத் வாரியாக எழுதப்படுமாயின், நாளை எந்தத் திட்டம் வந்தாலும், நிவாரணமே வந்தாலும், தொடக்க நிலையைக் காட்ட அது பயன்படும். நட்ட ஆண்டு, மரங்களின் எண்ணிக்கை, பழைய தோப்பா புது நிலமா என்ற குறிப்பு, காய்க்கத் தொடங்கிய ஆண்டு ஆகியவை போதும். மூஸ் முதல் தமலூ வரை பள்ளி மாணவர்களே தம் ஆசிரியர்களின் துணையோடு இதைச் செய்து முடிக்கலாம். மரத்தின் சுற்றளவை அளக்க ஒரு நாடா இருந்தால் மேலே கண்ட கணக்கும் பாடமாகிவிடும். பதிவேடு நிக்கோபாரி மொழியில் எழுதப்பட்டுத் துஹெத் தலைவரிடமே இருக்கட்டும்; தீவிலுள்ள கிருஷி விஞ்ஞான கேந்திரத்துக்கு ஒரு நகல் போதும்.