ஒரு கேரி பேக் போதும், நடுக்கடலில் படகு நிற்க! இன்ஜினின் வடிகட்டியை ஏன் கவனிக்க வேண்டும்?

2025 ஆகஸ்ட்டில் பிரான்ஸின் கிராவ்லின் அணுமின் நிலையம் மொத்தமாக நின்றுபோனது. காரணம், ஜெல்லி மீன்கள்! நிலையத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் இடத்தில், வடிகட்டிகளில் கூட்டம் கூட்டமாகச் சிக்கிக்கொண்டன. ஓடிக்கொண்டிருந்த 4 உலைகளும் தானாகவே நின்றன.

அவ்வளவு பெரிய நிலையத்துக்கே அந்தக் கதி என்றால், மீன்பிடிக்கப் போகும் ஒரு விசைப்படகை யோசித்துப் பாருங்கள். அதை நிறுத்த ஜெல்லி மீன் கூட்டமெல்லாம் தேவையில்லை. நாம் கரையில் வீசிய ஒரு கேரி பேக் போதும்.

சுற்றிலும் தண்ணீர், அப்புறம் எப்படி ஹீட் ஆகும்?

டீசல் இன்ஜினில் எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் படகை ஓட்டப் பயன்படுகிறது. மீதி பெரும்பாலும் வெப்பம். கார் என்றால் ரேடியேட்டர் வழியாகக் காற்று அதைக் கொண்டுபோய்விடும். படகின் அடியில் மூடிய அறைக்குள் இருக்கும் இன்ஜினுக்குக் காற்று ஏது? அதனால் பல படகுகளில் கடல்நீர்தான் அந்த வேலையைச் செய்கிறது.

படகின் அடியில் ஒரு துவாரம் இருக்கும். அதை ஒட்டி ஒரு வால்வு, அடுத்து வடிகட்டி, அதற்கடுத்து பம்ப். பம்புக்குள் ரப்பர் இறக்கைகள் கொண்ட ‘இம்பெல்லர்’ சுற்றி நீரை இழுக்கும். அந்த நீர் ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர்’ வழியாகப் போய், இன்ஜினுக்குள் சுற்றும் கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும். பல இன்ஜின்களில் கடைசியாகப் புகைக்குழாயையும் குளிர்வித்துவிட்டு வெளியே கொட்டும்.

இந்த வரிசையில் குப்பையைத் தடுப்பது வடிகட்டி மட்டும்தான். பாசி, சொறி மீன், வலைத் துண்டு, பிளாஸ்டிக் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். அது அடைத்துக்கொண்டால் நீர் வரத்து குறையும். இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. காய்ந்த நிலையில் சுற்றினால் சில நிமிடங்களிலேயே ரப்பர் கருகிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டுகள் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் அடைக்கும். அதற்குப் பிறகும் ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

இதில் ஒரு விவகாரமான கேஸும் உண்டு. துவாரத்தில் வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பை, இன்ஜினை நிறுத்தியதும் உறிஞ்சும் விசை இல்லாமல் தானாகவே விழுந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அதற்குள் இம்பெல்லர் அடிபட்டிருக்கும். அடுத்த ட்ரிப்பில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அது கைவிடும்.

நின்றால் என்ன ஆகும்?

சாலையில் கார் நின்றால் ஓரம் கட்டலாம். கடலில் ஓரமே கிடையாது. காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் படகு போகும். பாக் நீரிணையில் இதன் விலை இன்னும் அதிகம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ.தான். நடுவில் 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடு. ‘இன்ஜின் பழுதாகி அந்தப் பக்கம் போயிட்டோம்’ என்று மீனவர்கள் சொல்லும் செய்திகளை நாம் படித்திருக்கிறோம். எல்லை தாண்டும் எல்லாப் படகுகளும் இப்படிப் போனவை அல்லதான். ஆனால் இப்படிப் போகிற ஒரு படகுக்கும் கைது, சிறை, படகு பறிமுதல் என்பதுதான் முன்னால் நிற்கிறது.

படகு எங்கே இருக்கிறது என்று சொல்ல டிரான்ஸ்பாண்டர் வந்துவிட்டது. 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசே நடத்துகிறது. நல்ல விஷயம். ஆனால் இன்ஜின் பழுது விஷயத்தில் அந்தக் கருவி, படகு நின்ற பிறகு உதவி கேட்கத்தான் பயன்படும். படகு நிற்காமல் பார்த்துக்கொள்வது வடிகட்டி, வெப்பநிலை அலாரம், கையிருப்பில் ஒரு இம்பெல்லர் போன்ற சின்னச் சின்ன சாமான்கள். நம் கவனம் இவற்றின் பக்கமும் திரும்ப வேண்டும் என்பதுதான் என் வாதம்.

என்ன செய்யலாம்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, பழுது பார்க்கப்படும் காலமும் இதுதான். அப்போது நடக்கும் ஆய்வில் மூன்று விஷயங்களைக் கட்டாயமாகப் பார்க்கலாம்: வடிகட்டி சரியாக இருக்கிறதா, அலாரம் அடிக்கிறதா, படகில் மாற்று இம்பெல்லர் இருக்கிறதா. படகின் அடியில் துவாரத்தைச் சுற்றி ஒட்டி வளரும் சிப்பிகளைச் சுரண்டிவிடவும் அதுதான் தோதான நேரம். அரசு இன்ஜினுக்கு மானியம் தரும்போது, இந்தச் சாமான்களையும் சேர்த்தே தரட்டும். இன்ஜின் விலையோடு பார்த்தால் இதெல்லாம் சில்லறைச் செலவு.

தினமும் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கிளம்பும் முன் வால்வை மூடி, வடிகட்டியைத் திறந்து, கூடையை அலசி, மூடியை இறுக்கி, மறுபடி வால்வைத் திறக்க வேண்டும். மொத்தம் ஐந்து நிமிட வேலை. வால்வை மூடாமல் வடிகட்டியைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். திறக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் இம்பெல்லர் காலி. அதனால் பழக்கமும் பயிற்சியும் இரண்டுமே தேவை.

‘இது மீனவர்கள் பார்த்துக்க வேண்டிய வேலைதானே?’ என்று கேட்கலாம். பாதி உண்மை. கடலில் கிடக்கும் பழைய வலைத் துண்டுகளில் மீன்பிடித் தொழிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் கேரி பேக் கடலில் முளைப்பதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. இருந்தும் கடைக்கு வெறுங்கையோடு போய், ‘ஒரு கவர் கொடுங்க’ என்று கேட்பது யார்? நாம்தான். தெருவிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து முகத்துவாரம், அங்கிருந்து கடல். பிளாஸ்டிக் ஆமையின் வயிற்றில் போவதைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அதே பை ஒரு படகின் வடிகட்டியிலும் போய் உட்காரும் என்பதையும் சேர்த்துப் பேசுவோம்.

அடுத்த முறை மோட்டார் படகில் போட்டிங் போனால், பின்பக்கம் மாட்டிய இன்ஜினைக் கொஞ்சம் கவனியுங்கள். அதன் பக்கவாட்டில் மெல்லிய கோடாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். குளிர்விக்கும் நீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது மெலிந்தாலோ நின்றாலோ, தயங்காமல் படகோட்டியிடம் சொல்லுங்கள்: ‘அண்ணே, தண்ணி வரலை, பாருங்க!’