பத்துப் பேர் இல்லாத தொழுகைக்கூடம்

கெடா மாநிலத்தின் யான் வட்டாரம் ஜெராய் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. வானம் தெளிவாக உள்ள நாளில் அம்மலையின் மேலிருந்து தெற்கே பினாங்குத் தீவைக் காணலாம். அத்தீவில் ஒரு காலத்தில் யூதர்கள் தனிச் சமூகமாக வாழ்ந்தனர் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர்களின் வரலாறு தோட்டப்புறத் தமிழர்களாகிய நமக்கும் பாடமாக அமையும் என்பது என் கருத்து.

பாக்தாத்தைப் பூர்விகமாகக் கொண்ட யூத வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் பினாங்குத் துறைமுகத்தை நாடி வந்தனர். ஜார்ஜ்டவுனில் உள்ள அவர்களின் இடுகாட்டில் 1835ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறை ஒன்று உள்ளது. 1929இல் அவர்கள் நாகூர் சாலையில் ஒரு தொழுகைக்கூடத்தைத் திறந்தனர். தமிழ்நாட்டு ஊரொன்றின் பெயரைத் தாங்கிய சாலையில் யூதர்களின் வழிபாடு நடந்தது என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

இரண்டாம் உலகப் போர் இச்சமூகத்தைச் சிதறடித்தது. போருக்குப் பின் எஞ்சியவர்களுள் பலரும் வேறு நாடுகளில் குடியேறினர். யூத மரபுப்படி கூட்டு வழிபாடு நடைபெற வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர்கூட இல்லாமற்போனதால் 1976இல் தொழுகைக்கூடம் மூடப்பட்டது. இடுகாட்டை ஒட்டிய ஜாலான் யஹூடியும் ஜாலான் ஜைனல் அபிடின் எனப் பெயர் மாறியது. இன்று அச்சமூகத்துக்குச் சாட்சியாக நிற்பவை, பெயரும் ஆண்டும் பொறித்த கல்லறைக் கற்களே.

“மக்களே இல்லாத சமூகத்தின் வரலாறு நமக்கு எதற்கு?” எனச் சிலர் கேட்கலாம். கேரளத்துக் கொச்சி யூதர்களைப் பாருங்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கினார். அச்செய்தி வட்டெழுத்தில் செப்பேடாகப் பொறிக்கப்பட்டது. பிற்காலத்தில் கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். ஆயினும், வேற்று மதத்தவரை மதித்து வாழவைத்த ஒரு மண்ணின் பெருமையை அச்செப்பேடு இன்றும் சொல்கிறது. ஆகவே, ஒரு சிறிய சமூகத்தின் வரலாறு அச்சமூகத்துக்கு மட்டும் உரியதன்று. அதனோடு சேர்ந்து வாழ்ந்த அனைவருக்கும் உரியது.

இனி, நம் தோட்டங்களை எண்ணிப் பார்ப்போம். ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது; பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். லயங்கள் மறைந்தன, கோயில்களில் திருவிழாக் கூட்டம் குறைந்தது, மாணவர் எண்ணிக்கை குறைந்த தமிழ்ப்பள்ளிகளும் உள்ளன. கோயிலை எழுப்பியவர் யார், பள்ளிக்கு முதல் பலகையைச் சுமந்து வந்தவர் யார் என்பன பெரியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்கள் மறைந்தால் அவையும் மறையும்.

யூதர்களின் கல்லறைகளிலேனும் பெயரும் ஆண்டும் உள்ளன. நம் தோட்டத்து மக்களுக்கு அதுவும் இல்லையெனில், அக்குறை நம்மையே சாரும். பழைய நிழற்படங்களின் பின்புறத்தில் அவற்றில் உள்ளோரின் பெயர்களை எழுதுவோம். தாத்தா பாட்டி சொல்வதை ஒலிப்பதிவு செய்வோம். இப்பணிக்குப் பெரும் பணம் தேவையில்லை. கேட்கும் பொறுமையே போதும். பத்துப் பேர் இருக்கும்போதே எழுதத் தொடங்குவதுதான் அறிவுடைமை.