உடைந்த எலும்பும் சான்றே

அகழாய்வில் முழு எலும்புகள் கிடைப்பது அரிது. விலங்குகள் கடித்து நொறுக்கியவையும் மனிதர் உடைத்துப் போட்டவையுமே மிகுதி. பல்லோ மூட்டோ கிடைத்தால், எந்த விலங்கினுடையது என்பதை வல்லுநர்கள் பார்த்தே கூறிவிடுவர். நகமளவு சில்லாக இருந்தால், ‘அடையாளம் தெரியாதவை’ என்று எழுதி ஒதுக்கிவிடுவர். முற்காலத்தில் அவற்றை வீசி எறிந்ததும் உண்டு. அத்தகைய துண்டுகளையும் காப்பது நம் கடமை என்பதே என் கருத்து.

முதலாவதாக, அவற்றை அடையாளம் காணும் வழி இன்று உள்ளது. எலும்பில் கொலாஜன் என்னும் புரதம் நிறைந்துள்ளது. அதன் அமினோ அமில வரிசை விலங்குக்கு விலங்கு சற்றே மாறும். ஆய்வாளர்கள் கொலாஜனை நொதியால் சிறு துணுக்குகளாக வெட்டி, அவற்றின் நிறையைக் கருவியால் அளக்கின்றனர். அந்த அளவுகள் கைரேகை போல விலங்கைக் காட்டிக்கொடுக்கும். செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும்கூட இம்முறையில் பிரித்தறியலாம்.

இரண்டாவதாக, சிறு துண்டும் வரலாற்றை மாற்றக்கூடும். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த 2,300க்கும் மேற்பட்ட துண்டுகளை இவ்வாறு சோதித்தனர். அவற்றுள் ஒன்று மட்டும் மனித இனத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். அது ஒரு பெண்ணின் எலும்பு என்றும், அவளுடைய தாய் நியாண்டர்தால் இனம், தந்தை டெனிசோவன் இனம் என்றும் 2018இல் வெளியான மரபணு ஆய்வு கூறியது. இரு மனித இனங்கள் கலந்து வாழ்ந்ததற்கு அவளே நேரடிச் சான்றானாள்.

அருங்காட்சியகங்களில் இடம் போதாது என்றும், புரதச் சோதனையால் நெருங்கிய இனங்களைப் பிரிக்க இயலாது என்றும் சிலர் கூறுவர். அது உண்மையே. டெனிசோவா துண்டு மனித இனத்தது என்பதை மட்டுமே புரதம் உணர்த்தியது. ஆயினும், சோதனைக்குச் சிறிதளவே எடுத்து எஞ்சியதைப் பாதுகாத்ததால்தான் மரபணு ஆய்வு கைகூடியது. மேலும், நகமளவு துண்டுகளுக்குப் பெரிய கிடங்கும் தேவையில்லை.

நம் வட்டாரத்தில் இப்பொறுப்பு இன்னும் கூடுதலானது. வெப்பமும் ஈரமும் கொலாஜனை விரைவில் சிதைத்துவிடும். எனவே, சரவாக்கின் நியா குகை போன்ற இடங்களில் எஞ்சியிருக்கும் சான்றுகள் மிக அரியவை. ஒவ்வொரு துண்டையும், அது எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்னும் குறிப்போடு, உலர்ந்த குளிர்ந்த இடத்தில் சேமித்து வைக்க வேண்டும். நம்மால் இன்று படிக்க முடியாததை நாளைய தலைமுறை படிக்கக்கூடும். அந்த வாய்ப்பை நாமே அழித்துவிடக் கூடாது.