மருந்து நின்றால் வீழ்வது யார்?

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது ஆபிரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சை நிலையங்கள் பல தடுமாறின. அதன் நட்டத்தைக் குருதிப் பரிசோதனையில்தான் பார்க்கவேண்டும்.

உடலுக்குள் நுழையும் கிருமியைச் சில கலங்கள் விழுங்கி, அதன் புரதத் துணுக்கொன்றைத் தம் மேற்பரப்பில் காட்டும். இதுவே அன்டிஜன். அதற்குப் பொருந்தும் ஏற்பியுள்ள உதவி ரி கலமே அதை இனங்கண்டு மற்றக் கலங்களை உசுப்பும். எச்.ஐ.வி. அழிப்பது இந்த உதவிக் கலங்களைத்தான். ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் அவை 200க்குக் கீழே இறங்கினால் காசநோய் போன்றவை உயிரைக் குடிக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் வைரஸ் மீண்டும் பெருகும்.

பிரித்தானியாவும் உதவி நிதியைக் குறைக்கிறது. பிறர் உதவியில் முகாம்களில் உயிர் பிழைத்தவர்கள் நாங்கள். எங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேட்கும் கடமை எமக்குண்டு.