மாமனாரும் சூரிய அடுப்பும்

சிலிண்டர் தீர்ந்த ஞாயிற்றுக்கிழமை, எனக்குள் தூங்கிய விஞ்ஞானி விழித்துக்கொண்டார். கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள் மிக்ஸி வந்த பெட்டி, நடுச்சந்தில் கசக்கிய பழைய பேப்பர், உட்சுவரில் பிரியாணிப் பொட்டலத்து அலுமினியத் தாள் (கழுவித்தான் ஸார்!); உள்ளே வெளிப்புறம் கறுப்படித்த தூக்கு; மேலே கண்ணாடி. வெயில் நுழையும், சூடு திரும்பாது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜெனீவாக்காரர் ஸொஸ்ஸூர் இந்த மாதிரிப் பெட்டியில் 100 டிகிரியைத் தாண்டிவிட்டார்.

நான் தாண்டவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்தால் சூடு எங்கே நிற்கும்? மூணு மணிக்குக் கிடைத்தது ஊறின அரிசி.

மறுநாள் லீவு போட்டு, மூடியைத் தொடவேயில்லை. பத்தரைக்கு வைத்த ஒரு டம்ளர் அரிசி ஒன்றரைக்குப் பூவாய் வெந்திருந்தது.

“சாதம் பிரமாதங்க” என்றாள் மனைவி. “அது சரி, எங்கப்பா போட்டோவுல கண்ணாடியைக் காணோமே?”