நரேன் உள்ளே, கருண் வெளியே: ரெண்டுமே சரிதான்!

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன். கருண் ரசிகர்கள் வீட்டுக்கு ஆட்டோ அனுப்பப் போறீங்க, தெரியும். நரேன் ரசிகர்களும் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம், கடைசியில உங்களுக்கும் இருக்கு.

எங்க பி.காம் கும்பல்ல பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம். இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ரேஸ் நடக்குதுன்னு கேள்விப்பட்டா போதும், 2011ல் முடிஞ்ச பஞ்சாயத்து மறுபடி ஆரம்பிச்சிடும். நரேனா? கருணா? அந்த ரேஸ் நடந்தப்ப எங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஒண்ணாங்கிளாஸ். ஆனாலும் பேச்சு என்னவோ பக்கத்துல நின்னு பாத்த மாதிரி!

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. இதுவரைக்கும் ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டிய இந்தியர்கள் ரெண்டே பேர். ரெண்டு பேருமே தமிழ்நாடு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், சென்னை கருண் சந்தோக். 2011 அக்டோபர் 30ல் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியன் கிராண்ட் பிரீ. ஒரு டீமுக்கு ரெண்டு கார்தான். நரேன் ஹெச்.ஆர்.டி டீம், கருண் லோட்டஸ் டீமில் ரிசர்வ். ஹெச்.ஆர்.டி தன் வழக்கமான ஓட்டுனர் லியூஸியை உட்கார வைத்துவிட்டு நரேனை இறக்கியது. லோட்டஸோ கருணுக்கு வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம் மட்டும் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ட்ருலியையும் கோவலைனனையும் இறக்கியது.

உடனே நம்மாட்கள் தீர்ப்பு எழுதிட்டாங்க. ஹெச்.ஆர்.டி நல்லவன், லோட்டஸ் துரோகி. சொந்த மண்ணில் சொந்தப் பையனை உட்கார வச்சுட்டான் பாவி!

நான் சொல்றேன், ரெண்டு டீமும் செஞ்சது ஒரே கணக்கு. விடை மட்டும்தான் வேற.

லோட்டஸ் கணக்கைப் பாருங்க. அப்போ ஃபார்முலா ஒன்னில் பரிசுப் பணம் பெருசா கிடைச்சது டீம்கள் பட்டியலில் முதல் 10 இடத்துக்குள் இருந்தால்தான். 2010ல் லோட்டஸ் 10-வது. 2011லும் அந்த இடத்தைக் காப்பாத்தியே ஆகணும். ஒரு பாயிண்ட்கூட எடுக்காத டீம்களுக்குள் வரிசையை முடிவு செய்வது, யாருடைய சிறந்த இடம் மேலே என்பதுதான். லோட்டஸ் கையில் ட்ருலி ரெண்டு முறை எடுத்த 13-வது இடம் இருந்தது. ஹெச்.ஆர்.டி கையிலும் கனடாவில் லியூஸி எடுத்த ஒரு 13 இருந்தது. எவனாவது ஒரு மழை ரேஸில் 12-வதாக வந்துட்டா போச்சு, கோடிக்கணக்கில் நஷ்டம். இந்த நிலையில் மொனாக்கோவில் ஜெயிச்ச (2004) ட்ருலியை இறக்கிட்டு, அந்த வருஷம் ஒரே ஒரு ரேஸ் ஓட்டிய ஆளை ஏத்துவானா? அந்த ஒரு ரேஸ் ஜெர்மனி. அதே டீம் கோவலைனன் 16-வது, கருண் 20-வது. முன்பின் பழகாத வண்டி, பாவம்தான். ஆனா பாவத்துக்கு பாயிண்ட் கிடையாது.

கருண் திறமையில்லாதவர்னு நான் சொல்லவே இல்லை. ஜிபி2 பந்தயத்தில் 2007ல் பெல்ஜியத்தில், 2008ல் ஜெர்மனியில் ஜெயிச்சவர். 2010ல் அதே ஹெச்.ஆர்.டியின் ஓட்டை வண்டியை ஆஸ்திரேலியாவில் 14-வது இடத்துக்குக் கொண்டு வந்தவர். பத்து ரேஸ் முடிஞ்சதும் அந்த சீட் யமமோட்டோவுக்குப் போச்சு. அது நிஜமாவே அநியாயம். ஆனா 2010 அநியாயத்துக்கு 2011ல் வேற டீம் ஏன் கடன் அடைக்கணும்?

இப்போ ஹெச்.ஆர்.டி கணக்கு. 2011 முதல் ரேஸில், ஆஸ்திரேலியாவில், இவங்க ரெண்டு காருமே 107 சதவீத விதியைத் தாண்ட முடியாம பந்தயத்திலேயே கலந்துக்கலை. அப்பேர்ப்பட்ட வண்டி! லியூஸி நரேனைவிட வேகம்தான், ஒத்துக்கறேன். ஆனா காய்ஞ்ச டிராக்கில் அந்த வண்டியை யார் ஓட்டினாலும் கடைசி வரிசைதான். நஷ்டப்பட ஒண்ணுமில்லை. நரேனை ஏத்தினா கூட்டம், ஸ்பான்சர், பேர். அதனால் ஏத்தினாங்க. தேசபக்தி எல்லாம் இல்லைங்க, ஸ்பெயின்காரனுக்கு நம்ம மேல என்ன பாசம்?

"அப்போ நரேனுக்குக் கிடைச்சது ஓசி சீட்தானே?" என்பான் நண்பன். சீட் ஓசியா இருக்கலாம் மச்சி, ரிசல்ட் ஓசி இல்லை. தகுதிச்சுற்றில் ஷூமாக்கரை மறிச்சதுக்காக அஞ்சு இடம் பின்னால் தள்ளப்பட்டும், நரேன் முடிச்சது 17-வது. அதே டீம், அதே வண்டியில் இன்னொருத்தர் 18-வது. அவர் பேர் டேனியல் ரிக்கார்டோ. பின்னாளில் 8 கிராண்ட் பிரீ ஜெயிச்சவர். அந்த வருஷம் பாதியில் நரேன் சீட்டை வாங்கிட்டுப் போனவரும் அவரேதான்.

அடுத்த கேள்வியும் வரும். "ட்ருலி 19-வதாத்தானே வந்தார்? அதைக் கருண் செஞ்சிருக்க மாட்டாரா?" செஞ்சிருக்கலாம். ஆனா முடிவு எடுக்கும்போது கையில் இருந்த தகவலை வச்சுத்தான் அந்த முடிவை எடை போடணும். லாட்டரி அடிச்சவன் புத்திசாலின்னு எந்த அக்கவுண்டன்சி வாத்தியாரும் சொல்ல மாட்டார்.

ஆக என் விதி இதுதான். ரெண்டு பேரில் ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கும்போது, யார் நம்ம ஊர், யார் டிவியில் நல்லா பேசறார், யாருக்கு ஏற்கனவே அநியாயம் நடந்தது என்பதெல்லாம் கணக்கில் வரக்கூடாது. தப்பினா டீமுக்கு எவ்வளவு போகும், அந்த ஆள் கடைசியா ஓட்டினது எப்படி, இந்த ரெண்டுதான்.

சரி, இப்போ நரேன் ரசிகர்கள் பக்கம் வர்றேன்.

நீங்க எல்லாரும் கேட்க மறந்த கேள்வி ஒண்ணு இருக்கு. தேர்ந்தெடுக்க ஏன் ரெண்டே பேர்?

நரேன் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். கருண் அப்பா விக்கி சந்தோக் ரேஸ் ஓட்டினவர், இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தவர். தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். தப்பு சொல்லலை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தும் வெயிலில் உழைச்சுத்தான் மேலே வந்தாங்க. ஆனா அப்படிப்பட்ட வீட்டில் பிறக்காதவனுக்கு வாசல் எங்கே?

இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது 1990ல். நரேன் முதன்முதலா ரேஸ் ஓட்டினது இங்கேதான். எட்டு வருஷம் கழிச்சு, 1998ல், பக்கத்துலயே ஹூண்டாய் ஆலையில் சான்ட்ரோ உற்பத்தி ஆரம்பம். 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். 2021 ஜூனில் ஹூண்டாய் ஆலையிலிருந்து ஒரு கோடியாவது கார் வெளியே வந்தது. ஒரு கோடி கார் செஞ்ச ஊருங்க இது! எங்க தெருவில் கார் கதவு மாட்டுறவர் இருக்கார், பெயிண்ட் அடிக்கிறவர் இருக்கார், ஷிஃப்டுக்கு ஆள் ஏத்துற பஸ் ஓட்டுறவர் இருக்கார். ரேஸ் காரில் உட்கார்ந்தவன் ஒருத்தனும் இல்லை. எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த டிராக்கோட காம்பவுண்ட் சுவரும் சத்தமும்தான்.

கார்ட்டிங் ஒரு சீசனுக்கு லட்சங்களில் செலவு. டயர், பெட்ரோல், மெக்கானிக், பயணம். இதை எந்த ஒப்பந்தத் தொழிலாளி தன் பையனுக்குக் கொடுப்பார்?

பணம் இல்லாம இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. கடந்த மூணு வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கணும். அட்டவணை 7ல் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கு. செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். இந்த வழித்தடத்துக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு இருபது அரசுப்பள்ளிப் பசங்களை, பொண்ணுங்களையும் சேர்த்துத்தான், அந்த டிராக்குக்குள் கூட்டிட்டுப் போகட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கார்ட். கையில் கடிகாரம். சிபாரிசு கிடையாது. வேகமா வர்ற ரெண்டு பேருக்கு அடுத்த சீசன் செலவு முழுக்க.

நரேன் கடைசியா ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டினது 2012ல். அதுக்கப்புறம் ஒரு இந்தியனும் அந்த வரிசையில் நிற்கலை. பையில் ரெண்டே சீட்டு போட்டு எடுத்தோம், அது ரெண்டும் தீர்ந்துபோச்சு. இன்னமும் எந்தச் சீட்டு நல்ல சீட்டுன்னு அடிச்சுக்கறோம். முதல்ல பையை ரொப்புங்கப்பா. அப்புறம் வாங்க, விடிய விடிய சண்டை போடலாம்.